சின்ன என்ஜினின் ஹெட்: பிரித்து, சரிசெய்து, கொஞ்சம் மேம்படுத்தி மாட்டுவது எப்படி

சின்ன கார் ஒன்று மேட்டில் திணறுகிறது, ஐடிலிங்கில் குலுங்குகிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை விடுகிறது என்றால் உடனே "என்ஜின் இறக்கணும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பல சமயம் கீழே பிஸ்டன், ரிங், கிராங்க் எல்லாம் இன்னும் நல்ல ஆயுளோடுதான் இருக்கும். களைத்துப்போனது மேலே உள்ள ஹெட், அதாவது வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடி, மட்டும்தான். அதைக் கழற்றிச் சரிசெய்து மாட்டினாலே வண்டி பழைய இழுவைக்கு வந்துவிடும். ஹெட் கையில் வந்துவிட்ட பிறகு இன்னும் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தால், புதிதாக வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும்.

ஒரு லிட்டரைச் சுற்றிய கொள்ளளவு, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, பெட்ரோல் என்ஜின். இதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பதினாறு வால்வு என்றாலும் வேலை இதேதான், இரட்டிப்பாகும், அவ்வளவுதான். அந்தந்த என்ஜினுக்குரிய சர்வீஸ் புத்தகம் கையில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். இங்கே நான் தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் புத்தகம் வேறு எண் சொன்னால் புத்தகம் சொல்வதுதான் சரி.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹெட் வேலை என்றதும் புதியவர்களுக்குக் கை துறுதுறுக்கும் இடம் போர்ட், அதாவது ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போய்வரும் வழி. கிரைண்டரை எடுத்து உள்ளே விட்டுப் பெரிதாக்கிப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று தோன்றும். சின்ன என்ஜினில் பலன் தருவது அது இல்லை. வால்வு போய் உட்காரும் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள வளையம், அதன் கீழே ஒரு விரல் அகலம். உங்கள் கவனத்தில் முக்கால்வாசி அங்கே போகட்டும்.

ஹெட்தானா என்று முதலில் பாருங்கள்

கழற்றும் முன் கம்ப்ரஷன் சோதனை செய்தே ஆக வேண்டும். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அளக்க வேண்டும். நல்ல பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் 150-லிருந்து 200 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணைவிட முக்கியம், நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே ஏதோ கசிகிறது.

எங்கே கசிகிறது? குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஹெட்டைக் கழற்றி மட்டும் பயனில்லை. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றின் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கம்ப்ரசர் வைத்திருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். அந்த சிலிண்டரை இரண்டு வால்வும் மூடிய நிலையில் மேலே கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பக்கம் சத்தம் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது வெடிப்பு. கண்டுபிடித்ததைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட இந்த எண்கள் தேவைப்படும்.

நீலப் புகைக்குத் தனிக் குறிப்பு. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது ஒரு மொத்தைப் புகை வந்தால் வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடும் அதன் மேலுள்ள ஆயில் சீலும்தான் காரணம். ஏற்றத்தில், பாரத்தில் தொடர்ந்து வந்தால் ரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கழற்றுவது

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கைவிட்டுத் தொட்டால் சில்லென்று இருக்கும் அளவுக்கு. சூடாக இருக்கும்போது அலுமினிய ஹெட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் வளைந்துவிடும், சரியாக இருந்த ஹெட்டை நீங்களே கெடுத்ததாகும்.

பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, இன்ஜெக்ஷன் வண்டி என்றால் பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வயரையும் குழாயையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். முதல் சிலிண்டரை மேல் உச்சிக்குக் கொண்டுவந்து டைமிங் குறிகளைப் பார்த்து, பெயின்டால் நீங்களும் ஒரு குறி வைத்துக்கொண்டு, அப்புறம் பெல்ட்டையோ செயினையோ கழற்றுங்கள்.

ஹெட் போல்ட்டை ஓரங்களிலிருந்து நடுவுக்கு, சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூச்சில் ஒன்றை முழுக்கக் கழற்றக் கூடாது. எல்லாம் வந்த பிறகும் ஹெட் ஒட்டிக்கொண்டு நகராது. ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பும் ஆசை வரும், வேண்டாம். அந்த ஒரு கீறல் போதும், புது கேஸ்கெட்டும் ஒழுகும். மேனிஃபோல்ட் காதுகளைப் பிடித்து அசைத்து, ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுக்கொடுக்கும். இன்னும் வரவில்லையென்றால் எங்கோ ஒரு போல்ட்டை மறந்திருக்கிறீர்கள்.

எடுத்த ஹெட்டைக் கேஸ்கெட் முகம் தரையில் படும்படி கவிழ்க்காதீர்கள். திறந்து நிற்கும் வால்வு அடிபட்டு வளையும். இரண்டு மரக்கட்டை மேல் வையுங்கள். ஈர லைனர் (வெளிப்பக்கம் நேரடியாகத் தண்ணீர் படும், தனியாக மாட்டிய சிலிண்டர் குழாய்) உள்ள என்ஜின் என்றால் ஹெட் இல்லாத நேரத்தில் கிராங்க்கைச் சுற்றவே கூடாது, லைனர் எழும்பி அடி சீல் போய்விடும்.

பிரித்துச் சுத்தம் செய்வது

ஓர் அட்டையில் எட்டுத் துளை போட்டு எண் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வால்வு எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்தத் துளைக்குள்ளேயே போக வேண்டும். வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராடு, ராக்கர், டேப்பட், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம் எதுவானாலும் இதே கணக்குதான், கூடவே ஓடித் தேய்ந்த ஜோடிகளைப் பிரிக்கக் கூடாது.

வால்வு ஸ்பிரிங் கம்ப்ரசரை மாட்டும் முன், ஸ்பிரிங் தொப்பியின் மேல் ஒரு பாக்ஸ் சாக்கெட்டை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிப்போன காட்டர்கள் (தொப்பியை வால்வுத் தண்டில் பூட்டும் சின்ன அரைவளையத் துண்டுகள்) விடும். அப்புறம் ஸ்பிரிங்கை அழுத்தி, காந்தத்தால் காட்டர்களை எடுத்துவிடலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நழுவிய காட்டர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

வால்வை உருவும் முன் தண்டின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். காட்டர் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் சின்னப் பிசிறு எழும்பியிருக்கும். நகத்தில் மாட்டும். அதோடு இழுத்தால் கைடின் உள்பக்கத்தை நீளமாகக் கீறிக்கொண்டு வரும். மெல்லிய அரத்தால் பிசிறை எடுத்துவிட்டால் வால்வு தன் எடையிலேயே வழுக்கி இறங்கும்.

கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரச்சில்லு அல்லது பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுங்கள். அலுமினியத்தில் காஸ்டிக் சோடா ஆகாது, உலோகத்தையே தின்றுவிடும். கேஸ்கெட் முகத்தைச் சுத்தம் செய்யக் கிரைண்டரில் மாட்டும் நார்வட்டுகள் விற்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் அது முகத்தைக் குழி குழியாக்கும், உதிரும் பொடி ஆயிலோடு கலந்து பேரிங்கைச் சாப்பிடும். பிளாக்கின் மேல் அதை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

அளப்பது

நேரான விளிம்புள்ள எஃகுப் பட்டையை ஹெட் முகத்தில் நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லையென்றால் பெரும்பாலான சின்ன ஹெட்டுகளுக்கு அதுவே போதும். 0.1 நுழைந்தால் ஃபேஸிங் போட வேண்டும், அதாவது முகத்தை மெல்லியதாக அறுத்துச் சமமாக்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஹெட்டுக்குள்ளேயே இருக்கும் என்ஜினில் இன்னொன்றும் உண்டு. முகம் வளைந்திருந்தால் மேலே கேம் உட்காரும் இடங்களும் வளைந்திருக்கும். கேமை மட்டும் வைத்து மூடிகளை இறுக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் முகத்தை மட்டும் அறுத்துப் பயனில்லை, ஹெட்டை நிமிர்த்தத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெடிப்பு எங்கே வரும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய பாலம், பிளக் துளையிலிருந்து சீட் வரை. அலுமினிய ஹெட்டுக்குச் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் அடித்துப் பார்க்கும் முறை நீங்களே செய்யக்கூடியது. என்ஜின் ஒரு தடவையாவது நன்றாக ஹீட் ஆகியிருந்தால் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள். வெடித்த ஹெட்டில் மற்ற வேலையெல்லாம் செய்து முடித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பதுபோல எரிச்சல் வேறில்லை.

வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் நடுவில் இன்லெட்டில் சுமார் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் 0.03 முதல் 0.07 வரை இடைவெளி வழக்கம். மைக்ரோமீட்டர் இல்லாதவர் வால்வைச் சீட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கலாம். புது வால்வை அதே கைடில் விட்டும் ஆட்டிப் பாருங்கள். புது வால்வில் ஆட்டம் போய்விட்டால் தேய்ந்தது தண்டு. போகவில்லையென்றால் கைடு. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஊகத்துக்கு வேலையில்லை.

வால்வுத் தலையின் ஓரத் தடிமனையும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போய்க் கத்தி விளிம்பாகிவிட்ட எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் போடுங்கள். அது சிவக்கச் சூடாகி, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். ஸ்பிரிங்குகளைச் சமதளத்தில் வரிசையாக நிறுத்தினால் குட்டையானதும் சாய்ந்து நிற்பதும் தானாகத் தெரியும். என்னைக் கேட்டால் ஸ்பிரிங் எட்டையும் மாற்றிவிடுங்கள், ஆயில் சீலுக்கு யோசிக்கவே வேண்டாம்.

கைடு, சீட், வால்வு

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. கைடு முதலில், சீட் பிறகு. சீட்டை வெட்டும் கருவி கைடுக்குள் ஒரு கம்பியை விட்டு அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. கைடு ஆட்டம் கண்டிருந்தால் சீட் வட்டமாக வராது. சீட்டை வெட்டிவிட்டுக் கைடை மாற்றினால் இரண்டின் மையமும் விலகிவிடும், மறுபடி வெட்ட வேண்டும். கைடு மாற்றுவதையும் சீட் வெட்டுவதையும் முதல் முறை செய்பவர் நல்ல பட்டறையில் கொடுப்பதே புத்திசாலித்தனம். ஆனால் என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வால்வு வேலை செய்து கொடுங்க" என்றால் சீக்கிரம் முடிவதைச் செய்து கொடுப்பார்கள். "மூன்று கோணத்தில் வெட்டுங்க, சீட் அகலம் இவ்வளவு வேணும்" என்று கேளுங்கள்.

மூன்று கோணம் என்றால் வால்வு தொடும் முகம் 45 டிகிரி, அதற்கு மேலே சேம்பர் (பெட்ரோல் எரியும் குழி) பக்கம் 30, கீழே போர்ட் பக்கம் 60. இந்த மேல் கீழ் வெட்டுகள்தான் நடுவிலுள்ள தொடும் வளையத்தின் அகலத்தையும் இடத்தையும் தீர்மானிக்கின்றன. இன்லெட்டுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 1.5 முதல் 2 வரை. எக்ஸாஸ்ட் சீட் ஏன் அகலம்? அந்த வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்கித் தண்ணீருக்குப் போகிறது. குறுக்கினால் காற்று கொஞ்சம் நன்றாகப் பாயும், வால்வு சீக்கிரம் எரியும். சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பேரம் வேண்டாம்.

வளையம் எங்கே தொடுகிறது என்று பார்க்க, வால்வு முகத்தில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, சீட்டில் வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். சாயம் படிந்த வட்டம் உடையாமல், ஒரே அகலத்தில், வால்வு முகத்தின் நடுவில் அல்லது நடுவுக்குச் சற்று வெளியே இருக்க வேண்டும். விளிம்போடு ஒட்டியிருந்தால் 30 டிகிரி வெட்டு இன்னும் வேண்டும். தண்டுப் பக்கமாகப் போயிருந்தால் 60 டிகிரி.

ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இரும்பு ஹெட் என்றால் சீட் தனி வளையமாக இல்லாமல் ஹெட்டிலேயே வெட்டப்பட்டிருக்கும். ஈயம் படிந்து மெத்தைபோல் சீட்டைக் காத்தது. ஈயம் இல்லாத பெட்ரோலில் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு உள்ளே புதையும், டேப்பட் இடைவெளி (வால்வு மூடியிருக்கும்போது தண்டின் நுனியில் விடும் சந்து) அடிக்கடி குறையும். எப்படியும் பட்டறைக்குப் போகிறது, கடினமான சீட் வளையங்களைப் பொருத்தச் சொல்லிவிடுங்கள்.

பட்டறையிலிருந்து வந்த பிறகு உங்கள் கைவேலை ஆரம்பம். நைஸ் கிரைண்டிங் பேஸ்ட்டை வால்வு முகத்தில் மூன்று நான்கு பொட்டாக மட்டும் வையுங்கள், தண்டில் ஒரு துளி ஆயில். ரப்பர் உறிஞ்சி ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைவதுபோல் இப்படியும் அப்படியும் உருட்டுங்கள். பத்துத் தடவைக்கு ஒருமுறை வால்வைத் தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பேஸ்ட் நைந்ததும் சத்தம் மெலிந்து வழவழப்பாகும். அப்போது துடைத்துப் பார்த்தால் சீட்டிலும் வால்விலும் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நன்றாக வெட்டிய சீட்டுக்கு அதிக நேரம் தேய்க்க வேண்டியதே இல்லை. நெடுநேரம் தேய்த்தும் வளையம் ஒரு பக்கம் உடைந்தே தெரிந்தால் பேஸ்ட்டால் ஆகாது, வெட்டு சரியில்லை. மேலும் தேய்த்தால் வால்வு முகத்தில் பள்ளம்தான் விழும். மேற்பூச்சு உள்ள வால்வுகளைத் தேய்க்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் கேளுங்கள்.

பேஸ்ட் ஒரு பொடிகூட மிஞ்சக் கூடாது. அப்புறம் சோதனை: பிளக்கை மாட்டி, வால்வுகளைச் சும்மா வைத்து, சேம்பரில் மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சில நிமிஷம் ஈரமே தெரியாமல் நின்றால் சீட் நன்றாக இருக்கிறது. மெல்லிய கசிவைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம், ஸ்பிரிங் மாட்டிய பிறகு மறுபடி பாருங்கள். ஒழுகினால் மட்டும் திரும்பத் தேய்க்க வேண்டும்.

சீட்டை வெட்டியதால் வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கும், தண்டின் நுனி மறுபக்கம் அதே அளவு உயரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிடும், அதற்கு அடியில் ஷிம் வைத்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹைட்ராலிக் டேப்பட் என்றால் நுனி உயரம் புத்தகத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்று அளங்கள். மீறியிருந்தால் வால்வு முழுதாக மூடாமலே நிற்கும்.

கொஞ்சம் மேம்படுத்துவது

சின்ன என்ஜினில் வால்வு அதிகபட்சம் 8 மில்லிமீட்டர் அளவில்தான் எழும்புகிறது. 33 மில்லிமீட்டர் இன்லெட் வால்வை எடுத்துக்கொள்வோம். விட்டத்தில் கால் பங்கு, அதாவது 8.25 மில்லிமீட்டர் எழும்பினால்தான் வால்வைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு வால்வுத் தலையின் பரப்புக்குச் சமமாகும். அதுவரை, அதாவது ஏறக்குறைய திறந்திருக்கும் நேரம் முழுக்க, காற்றை நெரிப்பது சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்துதான். போர்ட்டை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்தச் சந்து அகலாது. மாறாக, அகலமான போர்ட்டில் காற்றின் வேகம் குறைந்து, நகரத்தில் ஓட்டும் 2000, 3000 ஆர்பிஎம்மில் வண்டி மந்தமாகும்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீட்டின் அடி வெட்டு முடியும் இடத்தில் வார்ப்பு உலோகம் ஒரு கூர்மையான படியாக நிற்கும். அதைச் சீட்டோடு வழுக்கினாற்போல் இழைத்துவிடுங்கள். சீட்டுக்குக் கீழேயுள்ள தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதம் போதும். நம் 33 மில்லிமீட்டர் வால்வுக்கு 28-இலிருந்து 29.7 வரை. போர்ட் வளைந்து மேலேறும் உள்வளைவின் மேட்டை மட்டும் தட்டையாக்கிவிடாதீர்கள். காற்று அந்த வளைவைப் பிடித்துத்தான் திரும்புகிறது. கூர்மை இருந்தால் உருட்டிவிடுங்கள், அதோடு சரி. வார்ப்பின் பிசிறுகளை எடுங்கள். கைடின் மூக்கை வெட்டி எறிய வேண்டாம், கைடு குட்டையானால் ஆயுளும் குறையும்.

அலுமினியத்துக்குப் பெரிய பல் உள்ள கார்பைடு பர் (கிரைண்டரில் மாட்டிச் செதுக்கும் முனை) வேண்டும். மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டு ஓட்டினால் பல்லில் உலோகம் அடைக்காது. சேம்பர் பக்கம் வேலை செய்யும்போது பழைய வால்வுகளைச் சீட்டில் வைத்து மூடிக்கொள்ளுங்கள், கை நழுவினால் அது தாங்கும். இந்த இழைப்பு வேலை சீட்டின் கடைசி வெட்டுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். தண்ணீர் ஓடும் பாதை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள்.

இன்லெட்டைக் கண்ணாடியாக்க வேண்டாம். 80 நம்பர் தாள் விட்ட சொரசொரப்பு கார்புரேட்டர் வண்டிக்கு நல்லதே, பெட்ரோல் சுவரில் வழிந்து தேங்காமல் இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்தை வழவழப்பாக்கலாம், கரி படிவது குறையும். மேனிஃபோல்ட் சேரும் இடத்தில் காற்று போகும் திசையில் எதிரே படி நிற்கக் கூடாது என்பதுதான் விதி. இன்லெட்டில் மேனிஃபோல்ட் வாய் போர்ட்டைவிடச் சற்றுச் சின்னதாக, எக்ஸாஸ்டில் போர்ட் மேனிஃபோல்ட்டைவிடச் சற்றுச் சின்னதாக இருந்தால் சரி.

எல்லா ஹெட்டும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்து, மினியில் 2000 வரை ஓடிய ஏ-சீரிஸ் என்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் போர்ட். இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலில் மூச்சு வாங்குகின்றன. அத்தகைய ஹெட்டில் பிரிவுச் சுவரைக் குடைவதற்கு முன் அந்த என்ஜினைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன். இதில் ஊகம் கூடாது, கணக்கு வேண்டும். 1000 சிசி என்ஜினில் ஒரு சிலிண்டர் 250 சிசி. கம்ப்ரஷன் விகிதம் என்பது பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள மொத்த இடத்தை, உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தது. அது 9.0 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 250-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 31.25 சிசி. இதை 9.5 ஆக்க 29.4 சிசிக்குக் குறைக்க வேண்டும், கிட்டத்தட்ட 1.8 சிசி. சேம்பரின் வாய்ப் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 0.1 மில்லிமீட்டர் அறுப்புக்கு 0.3 சிசிதான் குறையும். ஆக 9.5-க்குப் போக 0.6 மில்லிமீட்டர் அறுக்க வேண்டும், பல ஹெட்டுகள் அனுமதிக்கும் எல்லையை அது தாண்டிவிடும். முகத்தைச் சமமாக்க 0.2 அறுத்தால் 9.16 கிடைக்கும். என் அபிப்பிராயத்தில் தினசரி ஓட்டும் வண்டிக்கு அதுவே போதும். அதற்கு மேல் போனால் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது), கூடுதல் ஆக்டேன் பெட்ரோல், இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தலைவலி வரும். கேம் மேலேயுள்ள என்ஜினில் ஹெட் தாழ்ந்தால் கேம் டைமிங்கும் சற்றுப் பின்னால் போகும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் குறையும்.

அறுக்கும் முன் நான்கு சேம்பரையும் அளந்துவிடுங்கள். நடுவில் சின்னத் துளை போட்ட கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவிச் சேம்பரின் மேல் ஒட்டி, மருந்து ஊசிக் குழாயால் சாயம் கலந்த மண்ணெண்ணெயைக் குமிழி இல்லாமல் நிரப்பினால் எத்தனை சிசி என்று தெரிந்துவிடும். நான்கும் அரை சிசிக்குள் ஒத்துப்போகும்படி, சின்னதாக இருப்பவற்றின் சுவரை லேசாக இழைத்துப் பெரியதற்குச் சமமாக்குங்கள். ஐடிலிங் அமைதியாவதற்கு இந்த வேலை தரும் பங்கை நிறையப் பேர் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

சேர்ப்பது

சேர்க்கும் முன் கடைசிக் கழுவல். சோப்பு போட்ட வெந்நீர், கைடுக்குள் விட நீளமான பிரஷ், ஆயில் துளைகளில் காற்று. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். இரும்பு பாகங்களில் உடனே ஆயில் பூசுங்கள், சில மணி நேரத்தில் துரு எட்டிப்பார்க்கும்.

தண்டில் ஆயில் விட்டு வால்வை நுழைத்துவிடுங்கள். நுனியில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஆயில் சீலைக் கையாலேயே அழுத்தி உட்காரவையுங்கள், காட்டர் பள்ளம் சீலின் உதட்டைக் கிழித்துவிடும் என்பதால்தான் உறை. ஸ்பிரிங், தொப்பி, காட்டர். காட்டருக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தண்டோடு ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும். எட்டும் முடிந்ததும் ஒவ்வொரு தண்டின் நுனியிலும் பிளாஸ்டிக் சுத்தியால் ஒரு தட்டு. சரியாக உட்காராத காட்டர் இங்கேயே தெறித்துவிடட்டும், ஓடும்போது வேண்டாம்.

பிளாக் முகத்தையும் அதே கவனத்தோடு சுத்தம் செய்யுங்கள். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றுவது கட்டாயம். அடி மூடிய துளைக்குள் திரவம் இருக்கையில் போல்ட்டை இறுக்கினால் அது போக வழியின்றிப் பிளாக்கையே பிளக்கும்.

கேஸ்கெட்டில் எந்தப் பக்கம் மேலே என்று பொறித்திருக்கும். கூடுதல் பாதுகாப்பு என்று எந்தப் பசையும் தடவாதீர்கள், புத்தகம் சொன்னால் தவிர. பல அடுக்கு எஃகு கேஸ்கெட் என்றால் முகம் மிகவும் வழவழப்பாக இருக்க வேண்டும், ஃபேஸிங் போடுபவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். கோணத்தில் இறுக்கும் வகை போல்ட்டுகள் ஒருமுறை நீண்டவை, அவற்றைப் புதிதாக வாங்குங்கள். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, நிலை நிலையாக. போல்ட்டின் மரைக்கு ஆயில் வேண்டுமா, உலர்ந்திருக்க வேண்டுமா என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் முறுக்கு விசையை) ஆயில் விட்ட மரையில் கொடுத்தால் போல்ட் மிகையாக இழுபடும்.

டைமிங் குறிகளைச் சேர்த்துப் பெல்ட்டை மாட்டிய பிறகு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள். பல என்ஜின்களில் டைமிங் தப்பினால் பிஸ்டன் வால்வை அடிக்கும்.

டேப்பட் இடைவெளி வைக்கும்போது நான்கு சிலிண்டர் எட்டு வால்வு என்ஜின்கள் பலவற்றில் ஒன்பதுக் கணக்கு உதவும். வால்வுகளுக்கு ஒரு முனையிலிருந்து 1 முதல் 8 வரை எண் போடுங்கள். 8-ஆவது முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யலாம், 6 திறந்திருக்கும்போது 3-ஐ. இரண்டும் கூட்டினால் எப்போதும் 9. உங்கள் என்ஜினுக்கு இது பொருந்துமா என்று புத்தகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்டார்ட் செய்வது

புது ஆயில், புது ஃபில்டர், கூலன்ட். காற்று வெளியேறும்வரை பொறுமையாக ஊற்றுங்கள், காற்றுக் குமிழி ஹெட்டில் மாட்டினால் அந்த இடம் மட்டும் வெந்துபோகும். பிளக்குகள் இல்லாமல், பெட்ரோலும் பொறியும் துண்டித்த நிலையில், ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றவிடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஹைட்ராலிக் டேப்பட் சில நிமிஷம் டக்டக்கென்று அடிக்கும், பயப்பட வேண்டாம். சைலன்சரில் முதலில் வரும் வெண்புகை சேர்க்கும்போது பூசிய ஆயிலும் உள்ளே மிஞ்சிய ஈரமும்தான். சூடேறிய பிறகும் நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஃபேன் சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, அணைத்து, முழுக்க ஆறவிட்டுக் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் குறைந்திருக்கும், ஊற்றிக்கொள்ளுங்கள். கம்ப்ரஷனை மறுபடி அளந்து பழைய எண்களோடு ஒப்பிட வேண்டியது ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, 1000-த்தில் டேப்பட் இடைவெளியைத் திரும்பப் பாருங்கள், புதிதாக வெட்டிய சீட் படிந்து இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கும். பழைய வகை கேஸ்கெட்டுக்கு ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தால் டேப்பட்டுக்கு முன் அதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் போல்ட்டை இறுக்கியதும் டேப்பட் இடைவெளி மாறும்.